விளையாட்டுத் திண்ணை: தாயம் எப்போது விழும்?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் 2003இல் ஆறு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் ஆரம்பித்தேன். ஒன்பது வருடம் நடத்தினேன். மூடிய பிறகு புரோகிராமிங் கற்றுக்கொண்டு, இப்போது வீட்டிலிருந்தே சின்னச் சின்ன மொபைல் விளையாட்டுகள் செய்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. எதிரி எப்போது வருவான், அவன் செத்தால் என்ன விழும், அதை யார் முடிவு செய்கிறார்கள்? அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நான் ஆடும் விளையாட்டில் ஒரு பாஸை, அதாவது பெரிய எதிரியை, அடித்தால் 1 சதவீத வாய்ப்பில் ஒரு வாள் விழும் என்று போட்டிருக்கிறது. 140 தடவை அடித்துவிட்டேன், விழவில்லை. என் கூட்டாளிக்கு மூன்றாவது தடவையே விழுந்துவிட்டது. 1 சதவீதம் என்றால் நூறு தடவைக்கு ஒரு முறை விழ வேண்டும் இல்லையா? கேம் என்னை ஏமாற்றுகிறதா?
பிளஸ் டூ மாணவர், வண்ணாமடை

தம்பி, அது ஏமாற்றவில்லை. 140 முறை ஒரே பாஸோடு மல்லுக்கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு எரிச்சல் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'நூறு தடவைக்கு ஒரு முறை விழ வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய் பார், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீளக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம். ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, இரண்டே விதத்தில்தான் வரும்: இந்தக் கட்டையில் ஒன்று அந்தக் கட்டையில் வெறுமை, இல்லையென்றால் மாற்றி. ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. அந்தக் காலத்து டிராப் ரேட் (பொருள் விழும் வாய்ப்பு) என்றே வைத்துக்கொள்.

என் அம்மிச்சி வீட்டில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி விடிய விடிய தாயம் ஓடும். திண்ணையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு ஆறேழு பேர் சுற்றி உட்காருவோம். ஒரு வருடம் என் பெரியம்மாவுக்குத் தாயமே விழவில்லை. மற்றவர்களின் காய்கள் பாதிக் கட்டம் சுற்றிவிட்டன, பெரியம்மாவின் காய் இன்னும் அவர் மடியிலேயே இருக்கிறது. "கட்டைக்கு எம்மேல என்னமோ கோவம்" என்று பெரியம்மா சொன்னதற்கு அம்மிச்சி, "கட்டைக்கு உன்னைய ஆருன்னே தெரியாதுடி, உருட்டு" என்றார். நிகழ்தகவைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அதற்கு எழுதிய உரை மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு உருட்டலில் தாயம் விழாமல் போக எட்டில் ஏழு வாய்ப்பு. எட்டு உருட்டலிலும் விழாமல் போக என்ன வாய்ப்பு என்று பார்க்க, எட்டில் ஏழை எட்டு முறை பெருக்கு. 34 சதவீதம் வரும். எட்டில் ஒன்று என்று பெயர், ஆனால் எட்டு முறை உருட்டிய பிறகும் மூன்று பேரில் ஒருவர் வெளியேதான் நிற்பார். 16 முறை உருட்டிய பிறகும் நூறு பேரில் 12 பேருக்கு விழுந்திருக்காது. ஏழு பேர் சுற்றி உட்காரும் திண்ணையில் அப்படி ஒரு பெரியம்மா இருப்பது வழக்கமான விஷயம்தான்.

உன் வாளுக்கும் இதே பெருக்கல். 0.99ஐ நூறு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.366. நூறு முறை அடித்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாள் கிடைத்திருக்காது. 140 முறைக்கு 24 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது உன்னைப் போல 140 முறை அடித்தவர்களில் நான்கில் ஒருவர் இன்னும் வெறுங்கைதான். 300 முறை அடித்தாலும் நூறில் ஐந்து பேர் மிச்சம் இருப்பார்கள். உன் கூட்டாளியைப் பார். மூன்று அடிக்குள் வாள் விழுவது நூறில் மூன்று பேருக்குத்தான் நடக்கும். நியாயமாக யோசித்தால் உன் துரதிர்ஷ்டத்தைவிட அவனுடைய அதிர்ஷ்டம்தான் பல மடங்கு அரிது. ஆனால் அவன் தனக்கு நடந்தது விசித்திரம் என்று எனக்குக் கடிதம் எழுதமாட்டான்.

சென்டரில் கரண்ட் போன சாயங்காலங்களில் பசங்களை வைத்து ஒரு சோதனை செய்வேன். பாதிப் பேர் காசை நூறு முறை நிஜமாகச் சுண்டி பூவா தலையா என்று எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமல் மனதுக்குத் தோன்றியபடி நூறு எழுத வேண்டும். தாள்களைக் கலந்து கொடுத்தால் எது எந்த வகை என்று சொல்லிவிடுவேன். மனதால் எழுதியவர்கள் பூ, தலை, தலை, பூ என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். தொடர்ந்து நான்கு பூ வந்தாலே கை கூசி நிறுத்திவிடுவார்கள். நிஜமாகச் சுண்டிய நூறில் ஐந்து, ஆறு ஒரே பக்கம் தொடர்ந்து வராமல் இருப்பது அபூர்வம். குருட்டு வாய்ப்பு என்பது நாம் நினைப்பதைவிடக் கொத்துக் கொத்தாக விழும். நம் மனது பரவலாக விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உனக்கும் அந்தப் பாஸுக்கும் நடுவில் இருக்கிற சண்டை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீ 141வது முறை அடிக்கும்போதும் அதே 1 சதவீதம்தான். 140 முறை அடித்தது எங்கேயும் சேமிப்பாகப் போய் உட்காரவில்லை. அந்தச் சண்டை உனக்குப் பிடித்திருந்தால் அடி. பிடிக்காமல் வாளுக்காக மட்டும் அடிக்கிறாய் என்றால், பரீட்சை முடியும் வரை அந்தப் பாஸ் எங்கேயும் போய்விடாது.

பாஸை அடிக்கும் முன் எங்கள் ஹீரோவை மூன்று சுற்று சுற்ற வைத்தால் நல்ல லூட் (எதிரி செத்தால் கிடைக்கும் பொருள்) விழுகிறது. நான்கு நண்பர்கள் சோதித்துவிட்டோம். இது கோடில், அதாவது விளையாட்டின் புரோகிராமில், இருக்குமா?
ஐடிஐ மாணவர், சித்தூர்

இருக்காது. பந்து எறிந்து விசித்திர உயிரினங்களைப் பிடிக்கும் போகிமான் விளையாட்டை ஆடிய பிள்ளைகள், பந்தை எறிந்ததும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப் பிடித்தால் பிடிபடும் என்று நம்பிக்கை. உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை, கோடில் அப்படி எதுவும் இல்லை. 1948இல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பட்டினியாக இருந்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். தீனி விழுந்த நேரத்தில் எந்தப் புறா என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே அது திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிட்டது. அதில் ஒரு புறா கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. உங்கள் ஹீரோவின் மூன்று சுற்றைப் படித்ததும் எனக்கு அந்தப் புறாதான் ஞாபகம் வந்தது. நிஜமாகவே சோதிக்க வேண்டுமென்றால் 200 முறை சுற்றியும் 200 முறை சுற்றாமலும் அடித்து, விழுந்ததை எல்லாம் நோட்டில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். செல்போன் விளையாட்டில் ஏதோ பெட்டி திறக்கப் பணம் வேண்டும் என்கிறான். "எழுவது தடவை வரலைம்மா, இனி வந்தே தீரும்" என்று அடம். சீட்டு விளையாடுகிறவர்கள் பேசுகிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறதுங்க. அவன் சொல்வது சரியா?
ஒரு தாய், பொள்ளாச்சி

உங்கள் பயம் நியாயமானதுங்க. ஆனால் பையன் சொல்வதும் முழுப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

நீங்கள் பொள்ளாச்சி என்பதால் கோபாலபுரம் செக்போஸ்ட் தெரிந்திருக்கும். தாண்டியதும் லாட்டரிக் கடைகள். கேரள அரசு லாட்டரித் துறையை 1967இல் தொடங்கியது, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26இல் நடந்தது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, சீட்டு வாங்கவே எல்லை தாண்டி வருகிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். என் சென்டருக்குப் பக்கத்திலேயே ஓர் அண்ணன் தட்டி வைத்து லாட்டரி விற்றார். வாங்க வருகிறவர்கள், "இந்த வாரம் ஏழுல முடியறது விழவே இல்லை, ஏழு குடுங்க" என்பார்கள். சின்னப் பரிசுகள் கடைசி நான்கு எண்ணுக்கு விழும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். நேற்று விழுந்த எண்ணுக்கும் பத்து வருடமாக விழாத எண்ணுக்கும் இன்று அதே பத்தாயிரத்தில் ஒன்றுதான். குலுக்கும் இயந்திரத்துக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. பையன் பணம் கட்டித் திறக்கும், உள்ளே என்ன பரிசு என்று தெரியாத பெட்டியும் இப்படிப்பட்டதாக இருந்தால் எழுபது முறை வராதது எழுபது முறை போன பணம், அவ்வளவுதான். எழுபத்தொன்றாவது பெட்டிக்கு அது எதையும் சேர்க்காது.

ஆனால் வேறு வகைப் பெட்டிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு ஞாபகம் உண்டு. செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த ஞாபகம். பிள்ளைகள் இதை 'பிட்டி' என்பார்கள், இரக்கம் பார்த்துக் கொடுப்பது என்ற பொருளில். 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த ரகக் கதாபாத்திரம் கிடைக்க ஒரு தடவைக்கு 0.6 சதவீதம் வாய்ப்பு. ஆனால் 90வது தடவைக்குள் ஒன்று கட்டாயம் வந்துவிடும். 74ஐ ஒட்டியே வாய்ப்பு மளமளவென்று ஏறத் தொடங்குவதை ஆடுகிறவர்கள் கணக்கெடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெறும் 0.6 சதவீதம் மட்டும் இருந்திருந்தால் 90 தடவைக்குப் பிறகும் பத்தில் ஆறு பேர் வெறுங்கையாக நின்றிருப்பார்கள். ஆக இந்த வகைப் பெட்டி என்றால், எழுபது தடவை வரவில்லை, இனி சீக்கிரம் வரும் என்று பையன் சொல்வது உண்மை.

அங்கேதான் கவனம் வேண்டும். அப்படி வருவது அவன் கேட்ட பாத்திரமாகவே இருக்கும் என்று இல்லை. முதல் முறை ஏறத்தாழ பாதி வாய்ப்பில் வேறொரு பாத்திரம் வந்துவிடும். அப்போது மறுபடி எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும். மோசமாகப் போனால் 180 தடவை.

என் சொந்தத்தில் ஒரு பையனுக்கு 2022இல் இதேதான் நடந்தது, வேறொரு விளையாட்டில். எண்பது எண்ணிவிட்டான், இன்னும் பத்துதானே என்று அவனால் நிறுத்த முடியவில்லை. அம்மாவின் கார்டு விவரம் போனிலேயே சேமித்து வைத்திருந்தது. வந்தது வேறு பாத்திரம். ராத்திரி முழுக்க அழுதான். விளையாட்டை நடத்திய கம்பெனிக்கு நான்தான் மெயில் எழுதினேன். 'வாங்கியது வாங்கியதுதான், திருப்பித் தர முடியாது' என்ற அர்த்தத்தில் இரண்டு வரி பதில் வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மனம் 'இன்னும் பத்துதானே' என்ற இடத்தில் எப்படி இழுபடும் என்று தெரிந்தேதான் அந்த எண்ணிக்கையைத் திரையில் காட்டுகிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

சில நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. பல பொருள்களைப் பெட்டியிலிருந்து சேர்த்து முழுத் தொகுப்பாக்கினால் அரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இல் நிறுத்தியது. பெட்டியில் எது எத்தனை சதவீதம் என்று வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் அமலுக்கு வந்தது. அதே வருடக் கடைசியில் ஆப்பிளும் தன் ஆப் ஸ்டோரில் அதைக் கட்டாயமாக்கியது. பெல்ஜியம் 2018இல் பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்றது. அதனால் இன்று பெரும்பாலான பெரிய விளையாட்டுகளில் சதவீதங்களைப் போட்ட ஒரு பக்கம் உள்ளேயே இருக்கும்.

அந்தப் பக்கத்தைப் பையனையே திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பெட்டிக்கு ஞாபகம் உண்டா, இல்லையா? கேட்டது உறுதியாகக் கையில் வர, மோசமான கணக்கில், இன்னும் எத்தனை ரூபாய்? கூட்டலை அவன் கையாலேயே தாளில் போடட்டும். அதற்கு முன்னால் போனில் சேமித்து வைத்த கார்டை எடுத்துவிடுங்கள், யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள். திட்ட வேண்டாங்க. கணக்கு புரிந்த பிள்ளைகள் பலர் தாமாகவே போனைக் கீழே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும் என்று டீச்சர் சொல்கிறார். அப்படியானால் அதனால் எப்படிக் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணை எடுக்க முடியும்?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, மீனாட்சிபுரம்

அருமையான கேள்வி கண்ணு. உன் டீச்சர் சொன்னது சரி. பெரும்பாலான விளையாட்டுகளில் அது குருட்டாம்போக்கு இல்லை, அப்படித் தெரிகிற ஒரு கணக்கு. நீயே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு எண்ணில் தொடங்கு, 7 என்று வைத்துக்கொள்வோம். 5ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16ஆல் வகுத்து மீதியை எடு. 38 வகுத்தல் 16, மீதி 6. இப்போது 6க்கு அதையே செய், 1 வரும். அப்புறம் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று போய் மறுபடி 7க்கே வந்து நிற்கும். 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு முறை. தொடங்கும் எண்ணுக்கு 'சீட்' என்று பெயர், விதை என்று நாம் சொல்லலாம். அதே விதையைப் போட்டால் அதே வரிசைதான் முளைக்கும்.

அந்த வரிசையை இன்னொரு முறை பார். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று தவறாமல் மாறி மாறி வருகிறதா? 'ஒற்றை வந்தால் எதிரி' என்று நான் கோடு எழுதியிருந்தால் ஒரு அடி விட்டு ஒரு அடி எதிரி வந்துகொண்டே இருப்பான். எண்கள் கலைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒழுங்கு ஒளிந்திருக்கும். அதனால் நிஜ விளையாட்டுகளில் மிகப் பெரிய எண்களை வைத்து இதைச் செய்து, ஒழுங்கு தெரியும் கடைசி இலக்கங்களை விட்டுவிட்டு முன் இலக்கங்களை எடுப்பது வழக்கம்.

1993இல் வந்த டூம் என்ற விளையாட்டு இந்தக் கணக்கைக்கூடப் போடவில்லை. 256 எண்கள் எழுதிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக எடுத்தது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. போகிமான் எமரால்டில் கருவியை ஆன் செய்யும்போதெல்லாம் விதை 0தான். அதைக் கண்டுபிடித்தவர்கள், எத்தனையாவது நொடித்துளியில் பட்டனை அழுத்தினால் எந்தப் போகிமான் வரும் என்று கணக்குப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அழுத்திப் பிடித்தார்கள். எட்டாயிரத்தில் ஒன்று கிடைக்கும், நிறம் மாறிய ஷைனியைக்கூட.

கல்லூரி புராஜெக்டுக்காகக் காட்டுப் பாதையில் நடக்கும் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) செய்கிறேன். அடிக்கு 5 சதவீதம் எதிரி வரும்படி வைத்தேன். ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் 'ரொம்பத் தொந்தரவு' என்கிறார்கள். 3 ஆகக் குறைத்தால் 'காடு காலியாக இருக்கிறது' என்கிறார்கள். என்ன சதவீதம் வைப்பது?
மாணவர், எட்டிமடை

சதவீதத்தை விடுங்கள் தம்பி, ஞாபகத்தைச் சேருங்கள். இதே குழியில் நானும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

என் முதல் விளையாட்டில் வாளையார் காட்டோரம் ராத்திரியில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு பெண் வருவாள், வழியில் காட்டுப்பன்றிகள் வரும். நானும் அடிக்கு 5 சதவீதம்தான் வைத்தேன், சராசரி 20 அடிக்கு ஒரு பன்றி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆடக் கொடுத்தேன். ஐந்து அடிக்குள் மூன்று பன்றி. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அத்தை, இது பொல்லாத கேம்" என்று போய்விட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீதத்தில், ஒரு சண்டை முடிந்து மூன்றே அடிக்குள் அடுத்தது வருவது ஏழு முறைக்கு ஒரு முறை நடக்கும். 60 அடி நடந்தும் யாருமே வராமல் இருப்பதும் ஏறத்தாழ இருபது முறைக்கு ஒரு முறை நடக்கும். உங்களிடம் தொந்தரவு என்றவர்களும் காலி என்றவர்களும் இப்படி ஒவ்வொரு முனையில் மாட்டியவர்கள். சராசரியை மாற்றி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சமாதானம் செய்ய முடியாது.

நான் செய்தது இது. சண்டை முடிந்ததும் ஆறு அடி வரை யாரும் வரமாட்டார்கள். ஏழாவது அடியில் 1 சதவீதம், எட்டாவதில் 2, ஒன்பதாவதில் 3 என்று ஏறிக்கொண்டே போகும். பன்றி வந்ததும் மறுபடி ஆறு அடி ஓய்வு. சராசரி முன்பு போலவே இருபது அடியை ஒட்டித்தான் நிற்கிறது, ஆனால் இரண்டு முனையும் சுருங்கிவிட்டன. அந்த ஆறு அடிக்குப் பிறகு முப்பது அடிக்கு மேல் ஆளே வராமல் இருப்பது நூறில் ஒரு முறைகூட இல்லை. அந்தக் குழந்தை இப்போது விடாமல் ஆடுகிறாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 விளையாட்டில் 25 சதவீதம் என்று போட்ட பலமான தாக்குதல் முதல் முறை ஏறத்தாழ 8.5 சதவீதத்தில்தான் தொடங்கும். தவறத் தவற ஒவ்வொரு முறையும் அதே அளவு கூடி, பன்னிரண்டாவது தாக்குதலில் விழுந்தே தீரும். மொத்தத்தில் சராசரி 25க்கு வந்துவிடும். டோட்டா 2விலும் இதே முறைதான்.

எந்த எதிரி என்பதற்குத் தனியாக இன்னொரு எண் எடுங்கள். 1996இல் வந்த முதல் போகிமான் விளையாட்டுகளில் அப்படித்தான். புல்லுக்குள் ஒவ்வொரு அடிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். அது அந்த இடத்துக்கு விதித்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் சந்திப்பு உண்டு. அதற்குப் பிறகு இரண்டாவது எண், பத்து இடம் கொண்ட பட்டியலில் யார் என்று சொல்லும். 256இல் முதல் இரண்டு இடத்துக்குத் தலா 51, கடைசி இடத்துக்கு வெறும் 3. ஒரு புல்வெளியைக் கடக்கும்போது மனதில் இருக்கிற எதிர்பார்ப்பு முழுக்க அந்தக் கடைசி 3க்குள் இருக்கிறது. உங்கள் காட்டிலும் அப்படி ஒன்றை வையுங்கள், வரையாடு மாதிரி.

லூட்டுக்கு நான் பை முறையை விரும்புகிறேன். இருபது சீட்டுப் போட்ட பை, அதில் ஒன்று தங்கம். எடுத்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது. பை தீர்ந்ததும் மறுபடி இருபது. இப்போதைய டெட்ரிஸ் விளையாட்டுகளில் ஏழு வடிவங்களும் இப்படித்தான் வருகின்றன. மிக மோசமான நிலையில் இரண்டு தங்கத்துக்கு நடுவில் 38 வெறும் சீட்டு, அதற்கு மேல் போகவே போகாது. ஆனால் எண்ணத் தெரிந்தவர்கள் பையைப் படித்துவிடுவார்கள், அதனால் எதிரிக்கு இந்த முறை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஃபயர் எம்பளம் வரிசையில் 2002 முதல் சில விளையாட்டுகளில், இரண்டு எண் எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தார்கள். திரையில் 90 சதவீதம் என்று காட்டும் தாக்குதல் உண்மையில் 98 சதவீதம் விழும். 90 என்றால் விழுந்தே தீரும் என்று நம் மனது நினைப்பதால் அதற்கு ஒத்துப்போனார்கள். ஆடுகிறவருக்குச் சாதகம்தான், ஆடும்போது சுகமாகவும் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. எண்ணைக் காட்டினால் உண்மையான எண்ணைக் காட்டுங்கள், இல்லையென்றால் எண்ணே காட்டாதீர்கள். நான் பன்றியின் சதவீதத்தைத் திரையில் காட்டுவதே இல்லை. பன்றி நெருங்க நெருங்க இலைச் சருகு சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

அக்கா, நான் உங்க சென்டர்ல டையாப்லோ 2 ஆடின பையன். "நாலு பேரா சேர்ந்து ஆடுங்கடா, லூட் அதிகம் விழும்"னு சொல்லி எங்களை ஒண்ணா உட்கார வைப்பீங்க. அது நிஜமா?
பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

நிஜம்தான் தம்பி. அப்போது ஆடிப் பார்த்த அனுபவத்தில் சொன்னேன், காரணம் பிறகுதான் படித்தேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று, மளிகைக் கடைப் பொட்டலத்துக்குள் பொட்டலம் மாதிரி. அந்தப் பட்டியலில் தங்கம், மருந்து, ஆயுதம் இவற்றோடு 'எதுவும் விழாது' என்பதும் ஓர் இடம் பிடித்திருக்கும். ஆட்டத்தில் ஆட்கள் கூடக் கூட அந்த 'எதுவும் விழாது' சுருங்கும். அரக்கர்களின் உயிர் கூடும், ஆனால் வெறுமையாகச் சாகிறவர்கள் குறைவார்கள்.

விழுந்தது எல்லாருக்கும் பொதுவாகத் தரையில் கிடக்கும், முதலில் கிளிக் செய்தவருக்குச் சொந்தம். அதனால்தான் நாற்காலி தள்ளும் சண்டை வந்து, முறை வைத்து எடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் மோதிரம் விழுந்த அன்று யார் முறை என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் முறைதான். மற்ற மூன்று பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை, அலமாரியில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒரு நாள் முன்னால் சொல், மாட்டிப் பார்க்கலாம்.